சாம்பல் பார்த்த பச்சை

பசை இன்னும் காயவில்லை. அதற்குள் கதவைத் தட்டுகிறார்கள்.

மண்டபத்தின் பின்னறையில் மருமகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு புத்தகத்தை எடுப்பாள், கடைசிப் பக்கத்தை விரிப்பாள், விரலால் பசை தடவித் துண்டுச் சீட்டை ஒட்டுவாள், வாயால் ஊதி மூடிவைப்பாள். ஒட்டியவை ஒரு பக்கம் முழங்கால் உயரம். ஒட்டாதவை இன்னொரு பக்கம் இடுப்பு உயரம்.

சீட்டில் ஒரே வரிதான். ‘பச்சையை என்பதை வாசனையை எனத் திருத்தி வாசிக்கவும்.’

"மேடம், கூட்டம் சேர்ந்துடுச்சு. புத்தகத்தை மேசைக்கு எடுத்துட்டுப் போகலாமா?" வெளியே வாசகர் வட்டச் செயலாளரின் குரல்.

"அஞ்சு நிமிஷம் சார்."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

ஒரே ஒரு வார்த்தை. அதற்காக ஒரு வாரமாக அவள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சாம்பலை அறிமுகப்படுத்திவிடலாம். சாம்பல் ஒரு துப்பறிவாளர். மருமகளின் மாமனார் பெற்றது ஒரே மகன். எழுதியது நாற்பது சாம்பல் நாவல்கள். எந்தப் பிள்ளை செல்லப்பிள்ளை என்று கேட்டால் மகனே சாம்பலைத்தான் காட்டுவான். சாம்பலுக்குப் பிறவியிலேயே நிறம் தெரியாது. பார்ப்பதெல்லாம் சாம்பல் நிறம், அதனால் அந்தப் பெயர். முதல் நாவலிலேயே சிவப்பு விளக்கைப் பச்சை என்று நம்பிச் சாலையில் இறங்கி, லாரிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து கைத்தடியோடு நடக்கிறவர். நிறம் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். வாசனை, சத்தம், சூடு, பொய்.

ஆகவே அந்த வீட்டில் நிறத்துக்குத் தடை. சாம்பல் வாயைத் திறந்தால் ஒரு நிறமும் வரக்கூடாது. மருமகள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிழை திருத்துவது அவள்தான். எழுத்துப்பிழையைவிட நிறப்பிழைக்குத்தான் அவள் அதிகம் பயப்படுவாள். சாம்பல் இதுவரை யாரையும் ‘வெளுத்து வாங்கியதில்லை’. அவர் பார்க்க யார் முகமும் ‘கறுத்ததில்லை’. ஒருமுறை மாமனார், ‘பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார் சாம்பல்’ என்று எழுதிவிட்டார். அதற்கு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை.

"பச்சைத் தண்ணிங்கறது நிறமாம்மா?"

"இல்லதான் மாமா. ஆனா கறார் விடமாட்டாரே."

கறார் ஒரு வாசகர். கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நாவல்களை நிறுக்கிறார். கடைசியில் சாம்பல் ‘ஒரு வாய்த் தண்ணீர்கூட’ குடிக்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியான ‘பூட்டிய லிஃப்ட்’டின் கடைசிப் பக்கத்தில், கொலையாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சாம்பல் சொல்கிறார்: ‘அந்தக் கைக்குட்டையின் பச்சையைக் கவனித்த கணமே, நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.’

இன்னொரு தட்டு. இந்தத் தடவை கதவு திறந்துகொண்டது. வந்தவன் கணவன். அப்பா எழுதுகிறார், மகன் பதிப்பிக்கிறான். அதுதான் அவன் தொழில்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"பார்த்தா தெரியலையா? கொஞ்சம் நீங்களும் உட்கார்ந்தா சீக்கிரம் முடிஞ்சுடும்."

"ஒட்டாத. அப்பா வேணாங்கறார்."

"வேணாமா? ஏன்?"

"சீட்டு ஒட்டினா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரியாம்." அவன் ஒட்டிய அடுக்கைக் காலால் சுவர் ஓரம் தள்ளினான். ஒட்டாத அடுக்கைக் கைகளில் அள்ளினான்.

"என்னங்க, அங்க வாசனைன்னுதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். சத்தியமா பார்த்தேன்."

"அது உன் நினைப்பு. நாலு நாள் சரியாத் தூங்காமப் பார்த்தியே, அதுல எது நினைப்பு எது நிஜம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இந்த ஒரு வாரத்தில் அவன் அதைச் சொல்லாத வேளை இல்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. பச்சையைப் பார்த்து வாசனை என்று படித்துவிட்டோமோ? கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்துவிட்டோமோ?

வேறு நாளாக இருந்தால் அவள் பொறுத்துப் போயிருப்பாள். ஆனால் இன்று அறிவிப்பு நாள்.

மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது அவள் கையைப் பற்றி, "எனக்கப்புறம் சாம்பலை நீ எழுதும்மா" என்று சொன்னதும், அவள் விழுந்து விழுந்து இரண்டு அத்தியாயம் எழுதி அவர் கையில் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கட்டிலைவிட்டு இறங்கியதோடு வாக்கும் இறங்கிவிட்டது என்று கணவன் சிரித்தான். ஆனால் செயலாளரின் காதுக்கு விஷயம் போய், வாசகர் வட்ட அழைப்பிதழில் ‘சாம்பலின் எதிர்காலம் குறித்து முக்கிய அறிவிப்பு’ என்று அச்சாகிவிட்டது. அவள் பெயர் அறிவிக்கப்படும். அல்லது அறிவிக்கப்படாது. அவளுக்கு இனி அந்த வீட்டில் வேறு எந்தக் கேள்வியும் இல்லை.

அந்த இரண்டு அத்தியாயத்தைப் பற்றி மட்டும் மாமனார் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. கேட்டால், "கண்ணு கூசுதும்மா, படிக்கணும்." இன்னொரு நாள் கேட்டால், "எங்க வச்சேன்னு பார்க்கணும்." பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நன்றாக இருந்தால் சொல்லாமல் இருப்பாரா?

"வா. முகத்தைக் கழுவிட்டு வா" என்றான் கணவன். "கையெல்லாம் பசை. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க."

*

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் நின்றார்கள். மேடையில் மாமனார் நடுவில். வலப்பக்கம் மகன், இடப்பக்கம் செயலாளர். மருமகளுக்கு முதல் வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலி.

கைத்தட்டல் அடங்கும் முன்பே கறார் எழுந்துவிட்டார். கையில் ‘பூட்டிய லிஃப்ட்’. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஒரு கண்ணுல புரை. டாக்டர் ஆபரேஷன் பண்ணணுங்கறார், எனக்குப் பயம். சாம்பல் எந்த டாக்டர்கிட்ட போனார்னு சொன்னீங்கன்னா நானும் அங்கயே போயிடுவேன்."

கூரை அதிரச் சிரிப்பு.

"உட்காருங்க சார், உட்காருங்க" என்றார் செயலாளர், தானும் சிரித்துக்கொண்டே.

பின்வரிசைப் பெண் ஒருத்தி உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள். "கலர் தெரியுதுன்னா முதல் புத்தகத்துல லாரிக்கு ஏன் சார் காலைக் கொடுத்தார்? இன்ஷூரன்ஸுக்கா?"

"இல்லம்மா, இப்பதான் தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார் இன்னொருவர். "அடுத்த புத்தகத்துல படம் வரைவார். அதுக்கடுத்தது புடவைக் கடை."

"நான் என் பொண்ணுக்கு ஒன்பது வயசுல சாம்பலைப் படிச்சுக் காட்டினேன் சார்" என்றார் ஒரு பெரியவர். இவர் சிரிக்கவில்லை. "அவ இப்ப வேற ஊர்ல இருக்கா. போன் பண்ணி, ‘அப்பா, நம்மள ஏமாத்திட்டாங்க’ன்னா. நான் என்ன பதில் சொல்றது?"

மருமகளின் காது இரண்டும் எரிந்தன. அதற்கு நடுவிலும் அவளுக்கு ஒன்று உறைத்தது. லிஃப்ட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துபோகிறது. நடுவில் நூறு பக்கம் சாம்பல் மாடிப்படி ஏறி இறங்குவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. கொலைக்குக் காரணம், கொலை செய்தவனுக்கே பாதிதான் புரிந்திருக்கும். பிழை திருத்தும்போதே அவள் சொன்னாள். "மாமா, மூணாவது அத்தியாயத்துலயே யாருன்னு தெரிஞ்சுடுதே." அவர் அன்று சாப்பிடவில்லை.

நாற்பதிலும் இதுபோல் ஒரு சொத்தை வந்ததில்லை. ஆனால் மண்டபத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மகன் ஒலிவாங்கியை இழுத்தான்.

"வாசகர்கள் மன்னிக்கணும். அப்பா எழுதினதுல தப்பு இல்ல. அது பிழை திருத்தும்போது நடந்த தப்பு. பிழை திருத்தினவங்க..." அவன் தொண்டையைச் செருமினான். "வேற யாரும் இல்ல. என் மனைவிதான்."

மண்டபம் முழுக்க ஒரு ‘ஓ’ எழுந்து இறங்கியது.

"யாரு? எங்க இருக்காங்க?"

"அதோ, தூண் பக்கத்துல."

"எழுந்து நிக்கச் சொல்லுங்க சார். பார்ப்போம்."

மருமகள் எழுந்து நின்றாள். திரும்புவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. பசைபட்ட விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். யாரோ கைத்தட்டினார்கள். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அது பாராட்டுக் கைத்தட்டல் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும்.

அப்போதுதான் மாமனார் பேசினார். நாற்பது நாவல்களாக வாசகர்கள் மயங்கிக் கிடக்கும் அந்தக் கனிந்த குரல்.

"விடுங்க. குழந்தை. ராத்திரி பகல் பார்க்காம உழைச்சிருக்கா, கண்ணு ஏமாத்திடுச்சு. வீட்டுப் பொண்ணு தப்பு பண்ணினா நாலு பேர் நடுவுலயா கேட்கறது? எனக்காக அவளை மன்னிச்சுடுங்க."

இந்தக் கைத்தட்டல் நிஜமானது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த அறிவிப்பு..." என்று செயலாளர் நினைவுபடுத்தினார்.

"ஆமா." மாமனார் மருமகளையே பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "சாம்பலை நம்பிக்கையான ஒரு கையில ஒப்படைக்கலாம்னு இருந்தேன். நீங்களே பார்த்தீங்க. பெத்த பிள்ளையை யார்கிட்ட கொடுக்கறதுன்னு ஒரு அப்பனுக்குத் தெரியணும் இல்லையா? என் கை ஓயற வரைக்கும் நானே எழுதறேன். அதுக்கப்புறம் அவன் என்னோடயே வரட்டும்."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மண்டபமே எழுந்து நின்றது. எல்லாரைவிடவும் பலமாகத் தட்டியவர் கறார்.

கூட்டம் கலையும்போது அவர்தான் அவளிடம் வந்தார். கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டினார், பேனாவோடு.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. அந்த வார்த்தைக்குக் கீழயே."

"நான் எதுக்கு சார்?"

"ஐயா கையெழுத்து நாற்பது புத்தகத்துல வச்சிருக்கேன். தப்பு பண்ணினவங்க கையெழுத்து எங்கிட்ட இல்ல. நாளைக்கு இது அபூர்வப் பிரதி ஆயிடும் பாருங்க."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர், அதே பக்கத்தை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு சாம்பல் புத்தகத்தில் தன் கையெழுத்தைப் போட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள். போட்டாள். ஒவ்வொருவருக்கும், பச்சைக்கு நேர் கீழே.

*

மாமனார் செயலாளரின் காரில் முன்னால் போய்விட்டார். இவர்கள் காரில் பின்சீட்டு முழுக்க, மிச்சமான புத்தகங்கள்.

"கோபமா?" என்றான் கணவன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீ வேணா பாரு."

"நான் மறந்துடுவேனா?"

"அங்க வேற என்ன பண்ணச் சொல்ற? அத்தனை பேர் முன்னாடி அவரை விட்டுக்கொடுக்க முடியுமா?"

"என்னை விட்டுக்கொடுக்க முடிஞ்சுதே."

சாலை நெரிசலாக இருந்தது. அவன் வேண்டாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தான்.

"அப்பாவும் அடுத்த புத்தகத்தோட விஷயத்தை அங்கயே போட்டு உடைப்பார்னுதான் நினைச்சேன்" என்றான். "ஏன் சொல்லலைன்னு எனக்கும் புரியலை."

"எந்த விஷயம்?"

அவன் வாயை மூடிக்கொண்டான். இந்த மாதிரி மனிதர்களுக்கு வாய் திறப்பதும் தவறான நேரத்தில், மூடுவதும் தவறான நேரத்தில்.

"எந்த விஷயம்னு கேட்டேன்."

"உங்கிட்ட அவரே சொல்றேன்னார். சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான். ஒரு மூடிய மருந்துக்கடைக்கு முன்னால்.

"நீ பிழை திருத்திக் கொடுத்தப்புறம்..." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினான். "அச்சகத்துல இருந்தேன். மெஷின் ஓட ஆரம்பிக்கலை. அப்பா போன் பண்ணினார். கடைசிப் பக்கத்துல வாசனையை எடுத்துட்டுப் பச்சைன்னு போடுடான்னார். எனக்கே சுருக்குன்னுது. கேட்டேன். ‘வேணும்னேதான், அடுத்த புத்தகத்துக்குக் கொக்கி. சாம்பலுக்கு நிறம் தெரிய ஆரம்பிக்குது, அதான் கதையே’ன்னார். நல்லாத்தானே இருக்குன்னு மாத்திட்டேன்."

"நீங்களே மாத்தினீங்க."

"அவர் புத்தகம். அவர் சொன்னார்."

"மாத்திட்டு, ஒரு வாரமா எங்கிட்ட ‘உன் நினைப்பு, உன் நினைப்பு’ன்னு..."

"கொக்கி வெளிய தெரியக் கூடாதுன்னார். உனக்குத் தெரிஞ்சா உன் முகமே காட்டிக் கொடுத்துடுமாம்."

அவள் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து அவன் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தான். அவள் அதை வாங்கி, விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டித் துடைத்து அவன் மடியில் போட்டாள்.

"வீட்டுக்கு விடுங்க."

*

மாமனார் தன் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். முட்டி வலிக்கு வாளியில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலை வைத்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார்.

"வந்துட்டியா? தண்ணி ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடா எடுத்துட்டு வாம்மா."

அவள் சமையலறைக்குப் போனாள். கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. மூடி படபடக்க அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாளியருகே நின்றாள்.

"பார்த்து. ஓரமா ஊத்து."

"வாசனையைப் பச்சையா மாத்தச் சொன்னது நீங்கதானா மாமா?"

அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "உளறிட்டானா? அவன் வாயில தண்ணிகூட நிக்காது."

"கொக்கின்னீங்களாமே."

"அவனுக்கு அது போதும். உனக்கு வேற சொல்லணும்னு தெரியும்."

மறுப்பார், மழுப்புவார் என்றுதான் அவள் தயாராகி வந்திருந்தாள். இதற்குத் தயாராகவில்லை.

"நானே சொல்லட்டுமா?" என்றாள். "புத்தகம் சப்புன்னு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். யாரும் அதைச் சொல்லிடக் கூடாது. அதுக்காக எல்லாரும் கடிக்கறதுக்கு ஒரு எலும்பைப் போட்டீங்க. எலும்பு நான்."

மாமனார் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். மனம்விட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லையே. எனக்கு அந்த யோசனையே வரலை. வந்திருந்தா இன்னும் நிம்மதியாப் பண்ணியிருப்பேன்."

"அப்ப ஏன்?"

கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைச் சாய்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. காலை எடுக்க வேண்டுமென்றால் அவருக்கு யாராவது கைகொடுக்க வேண்டும். அதை இருவருமே அறிவார்கள்.

"உன் ரெண்டு அத்தியாயத்தையும் படிச்சேன்" என்றார்.

"எப்போ?"

"நீ கொடுத்த அன்னைக்கே. மறுநாளும் படிச்சேன்."

கூட்டத்தில் நிறுத்தி வைத்து மானத்தை வாங்கியவர். கட்டினவனையே கருவியாக்கியவர். அவரிடம் இந்த நேரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு கேட்டுவிட்டது.

"எப்படி இருந்துச்சு?"

அவர் கெட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுவரலமாரியில் வரிசையாக நிற்கும் தன் நாற்பது முதுகுகளையும் பார்த்தார்.

"அந்த வீட்டுக்குள்ள சாம்பல் நுழையற இடத்துல, பொய் சொல்றதுக்கு முன்னால லேசா இருமுவான்னு எழுதியிருந்த. இத்தனை வருஷத்துல அவன் இருமி நான் கேட்டதில்ல. படிச்சப்புறம் கேட்டுச்சு. நான் எழுதின பக்கத்துல அவன் நின்னுட்டுதான் இருந்தான். உன் பக்கத்துல நடந்தான்."

வாசல் பக்கம் கணவனின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார் மாமனார். "என்னோட எதையும்விட. அதான்."